முதல் ஃபர்ம்வேர்: அப்லோடு பொத்தானா, டெர்மினல் கட்டளையா?

பதிவகம்:
ஏவிஆர் வகைச் சிப் உள்ள ஆர்டுயினோ ஊனோ என்னும் சிறு மின்னணு போர்டில், எல்இடி விளக்கை மினுக்கவைக்கும் ஃபர்ம்வேரை (சிப்பில் ஏற்றும் நிரலை) எழுதுவதுதான் முதல் பாடம். அதையே ஐடிஇ-யின் (நிரல் எழுதும் மென்பொருளின்) அப்லோடு பொத்தானில் முடித்துவிடுவது தவறான தொடக்கம், டெர்மினலில் கட்டளைகளைக் கையால் எழுதியே செய்ய வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. அந்த ஓர் அழுத்தலுக்குள், ஏவிஆர்-ஜிசிசி என்னும் கம்பைலர் நிரலைக் கம்பைல் செய்து, அதாவது சிப்புக்குப் புரியும் மொழிக்கு மாற்றி, எல்ஃப் கோப்பாக்குகிறது. ஆப்ஜ்காப்பி என்னும் கருவி அதிலிருந்து சிப்புக்கு வேண்டிய பைட்டுகளை மட்டும் பிரித்து ஹெக்ஸ் கோப்பாக எழுதுகிறது. ஏவிஆர்டியூட் என்னும் கருவி அதைச் சிப்பின் ஃபிளாஷ் நினைவகத்தில் ஏற்றி, ஏற்றியதைத் திரும்பப் படித்துச் சரிபார்க்கிறது. அந்த ஹெக்ஸ் கோப்பைச் சாதாரண எடிட்டரிலேயே திறக்கலாம். ஒவ்வொரு வரியும் முக்காற்புள்ளியில் தொடங்கி, பைட் எண்ணிக்கை, முகவரி, தரவு என்று நீண்டு, பிழை கண்டறியும் ஒரு பைட்டில் முடியும். தாம் எழுதியது சிப்பில் எங்கே போய் உட்காருகிறது என்பதை இதைப் பார்த்தவர் மறக்கமாட்டார்.

தாமிரக்கம்பி:
தொடக்கத்தில் இருப்பவர் தடுக்கி விழும் இடம் கம்பைலர் அன்று, கேபிள். சார்ஜ் செய்ய மட்டுமே உதவும் யுஎஸ்பி கேபிளில் தரவுக் கம்பிகளே இரா; போர்டில் விளக்கு எரியும், கணினிக்கோ போர்ட் (போர்டோடு பேசும் இணைப்பு வாயில்) தெரியாது. உபுண்டு போன்ற லினக்ஸில் பயனர் டயல்அவுட் குழுவில் இல்லையென்றால் போர்ட் தெரிந்தும் திறக்க அனுமதி கிடைக்காது. எல்லாம் சரியாக இருந்தாலும், போர்ட் திறக்கும்போது டிடிஆர் என்னும் கட்டுப்பாட்டு இணைப்பு 0.1 மைக்ரோஃபாரட் கெபாசிட்டர் வழியாகச் சிப்பை ரீசெட் செய்ய, அதன்பின் பூட்லோடர் (புது நிரலை வாங்கிச் சிப்பில் எழுதும் சிறு நிரல்) காத்திருக்கும் சிறிது நேரத்துக்குள் தரவு வந்தாக வேண்டும். இவ்வளவுக்கும் நடுவே கட்டளையையும் கையால் எழுதச் சொன்னால், பிழை எழுத்திலா கம்பியிலா என்று அவர் எப்படிக் கண்டுபிடிப்பார்? பொத்தான் ஒரு சந்தேகத்தையாவது குறைக்கிறது.

பதிவகம்:
கேபிள் பற்றி நீங்கள் சொல்வது முழுக்க உண்மை. ஆனால் ஊனோவை விட்டு வெளியே வந்ததும் பொத்தான் கைவிட்டுவிடும். ஊனோவில் இருக்கும் அதே வகையான ஏடிமெகா328பி சிப்பைத் தனியாகப் புதிதாக வாங்கினால், அது உள்ளிருக்கும் 8 மெகாஹெர்ட்ஸ் ஆஸிலேட்டரை (கடிகாரத் துடிப்பு தரும் சுற்றை) எட்டால் வகுத்து 1 மெகாஹெர்ட்ஸில்தான் ஓடும். நிரலை 16 மெகாஹெர்ட்ஸ் என்று சொல்லிக் கம்பைல் செய்திருந்தால், ஒரு விநாடித் தாமதம் 16 விநாடியாக நீளும். கடிகார வேகத்தைக் கட்டளையில் தம் கையால் எழுதியவர் முதலில் அங்கேதான் பார்ப்பார். மற்றவர் சிப் கெட்டுவிட்டதென்று தூக்கிப் போடுவார்.

தாமிரக்கம்பி:
அதே மனிதர் அடுத்ததாக ஃபியூஸ் பிட்டை (சிப்பின் கடிகாரம் முதலிய அமைப்புகளை வைத்திருக்கும் பிட்டை) மாற்றப் போவார். கடிகாரத் துடிப்புக்கான கிரிஸ்டலே பொருத்தாத சிப்புக்கு வெளிக் கிரிஸ்டல் என்று அமைத்துவிட்டால், வெளியிலிருந்து கடிகாரத் துடிப்பு கொடுக்கும்வரை புரோகிராமருக்கு (சிப்பில் நிரலை ஏற்றும் கருவிக்கு) அது பதிலே சொல்லாது. ஊனோவின் பூட்லோடர் வழியாக ஃபியூஸை மாற்ற முடியாது என்பது தொடக்கக்காரருக்கு நல்ல பாதுகாப்பு. கட்டளைகளைப் பார்க்கத்தான் வேண்டுமென்றால், ஐடிஇ அமைப்புகளில் விரிவான வெளியீட்டைக் காட்டும் தேர்வை இட்டால் போதும், ஒவ்வொரு வரியும் திரையில் ஓடும்.

நுண்மணி:
எந்த போர்டு என்பதைப் பொறுத்தே இதைப் பேச முடியும். ராஸ்பெர்ரி பை பிக்கோ என்னும் போர்டில் பூட்செல் பொத்தானை அழுத்திக்கொண்டே கணினியில் செருகினால் அது ஒரு டிரைவாகத் தெரியும். நிரல் அடங்கிய யுஎஃப்2 கோப்பை அதில் நகலெடுத்தால் வேலை முடிந்தது. அந்த ஏற்றும் நிரல் அழிக்க முடியாத நினைவகத்தில், அதாவது ரோமில், இருப்பதால் பயமும் இல்லை. எனவே அங்கே கம்பைல் செய்யும் பகுதியை மட்டும் கையால் செய்யச் சொல்லலாம்.

பதிவகம்:
விரிவான வெளியீடு நல்ல வழி, ஏற்கிறேன். ஆனால் ஓடும் வரிகளைப் பார்ப்பதோடு நிறுத்தக் கூடாது. ஏவிஆர் நூலகத்தின் தாமத ஃபங்ஷனைக் கொண்ட ஒரு சிறு சி நிரலை, அளவைக் குறைக்கும் ஆப்டிமைசேஷன் தேர்வோடு ஒருமுறையும் அது இல்லாமல் ஒருமுறையும் கம்பைல் செய்து பார்க்கச் சொல்லுங்கள். இரண்டாம் முறை, தாமதம் எதிர்பார்த்தபடி வேலை செய்யாது என்று கம்பைலரே எச்சரிக்கும். பொத்தானை மட்டும் அழுத்துபவர் கண்ணில் அந்த எச்சரிக்கை ஒருநாளும் படாது.

தாமிரக்கம்பி:
அந்தச் சோதனையை நானும் பரிந்துரைப்பேன், எல்இடி ஒருமுறை மினுங்கிய பிறகு.