புதுப்பிப்பு: இலவச சுயாதீனக் கிறிஸ்துமஸ் பாடல்கள் கிடைத்த வழி

புதுச்சேரியில் எங்கள் பங்கின் இளையோர் விழாவுக்காக, சுயாதீனக் கலைஞர்கள் இலவசமாக வெளியிடும் கிறிஸ்துமஸ் பாடல்களை எங்கே தேடுவது என்று கேட்டிருந்தேன். பதிலளித்த அனைவருக்கும் நன்றி.

கலைஞர்கள் தங்கள் இசையை நேரடியாக வெளியிடும் பேண்ட்கேம்ப் இணையதளத்தில் கிறிஸ்துமஸ் என்ற குறிச்சொல்லை ஆங்கிலத்தில் இட்டுத் தேடி, பாடலைக் கேட்பவரே விலையை முடிவு செய்யும் தொகுப்புகளைத் திறக்கச் சொன்ன யோசனையே பலித்தது. குறைந்தபட்ச விலை வைக்கப்படாத தொகுப்பில் பூஜ்யம் என்று இட்டால், எம்பி3 மட்டுமன்றி ஒலித்தரம் குறையாத ஃபிளாக் வடிவிலும் பாடல்கள் இறங்குகின்றன. சிலவற்றுக்கு மின்னஞ்சல் முகவரி தர வேண்டும்.

எதிர்பாராத செய்தி ஒன்று: கலைஞருக்கு மாதந்தோறும் வழங்கப்படும் இலவசப் பதிவிறக்கங்களுக்கு வரம்பு உண்டு என்பதால், பிடித்ததை உடனே எடுத்துவிடுவது நல்லது.

இலவசமாக இறங்கினாலும் விழாவில் ஒலிக்கவிடும் உரிமை வேறு. பக்கத்தின் அடியில் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமம் (படைப்பைப் பிறர் சில நிபந்தனைகளுடன் பயன்படுத்த முன்கூட்டியே தரப்படும் பொது அனுமதி) காணப்படாத பாடல்களுக்குக் கலைஞரிடமே எழுதி அனுமதி கேட்டோம். அனுமதி வந்தவற்றை மட்டுமே சேர்த்தோம்.