ஆல்ஃபா ரோமியோ பேட்ஜ்: எந்த நிறம் சரி?

கிரில்_பிரியன்: என் கார் 1967 ஆல்ஃபா ரோமியோ ஜூலியா சூப்பர். முன்பக்கக் கிரில் பேட்ஜில் (நடுவே ஒரு பாதியில் வெள்ளையில் சிவப்புச் சிலுவை, மறுபாதியில் பாம்பு, சுற்றிலும் பெயர் எழுதிய வளையம்) வளையம் வெளிறிய நீலம், பாம்பு சாம்பல் பூத்த பச்சை. விற்பனைக்கு இரண்டு கிடைக்கின்றன. ஒன்றில் வளையம் கருநீலம். மற்றது முழுக்கச் சிவப்பு, பாம்பும் எழுத்தும் வெறும் உலோகம். ‘அபூர்வ ஒரிஜினல்’ என்கிறார் விற்பவர். எதை வாங்கலாம்? அல்லது பழையதற்கே பெயிண்ட் அடிக்கலாமா?

பழைய_பாம்பு: சிவப்பை விடுங்கள். போருக்குப் பிந்தைய 1946-50 வடிவம் அது. அசலாகவே இருந்தாலும் ஜூலியாவுக்குப் பொருந்தாது. நிறத்துக்கு முன் வளையத்தைப் படியுங்கள். ‘மிலானோ’ (மிலான் நகரம்) என்ற சொல்லும் ஆல்ஃபாவுக்கும் ரோமியோவுக்கும் நடுவே சிறு கோடும் வேண்டும். இரண்டும் 1970-களின் தொடக்கத்தில் போய்விட்டன. பக்கவாட்டில் நெளிகோடு இருக்க வேண்டும். அங்கே முடிச்சு இருந்தால் அது இத்தாலியின் சவோய் அரச குடும்பச் சின்னம். 1946-இல் இத்தாலி குடியரசானதும் எடுத்துவிட்டார்கள். 1925-இல் வந்த லாரல் இலை மாலை உங்கள் 1967 பேட்ஜிலும் உண்டு.

சூளை_850: சுட்ட எனாமல் என்பது கண்ணாடி, வெயிலில் வெளுக்காது. உங்களுடையது வெளுத்திருப்பதால் பிளாஸ்டிக்கோ பெயிண்டோதான். ஓரத்தில் ஊசியால் கீறுங்கள்: கண்ணாடியில் வழுக்கும், மற்றதில் கோடு விழும். அசிட்டோன் வேண்டாம், பிளாஸ்டிக்கில் நுண்விரிசல் விழும். பிளாஸ்டிக் என்றால் நிறம் பின்பக்கத்தில் இருக்கும். முன்னால் பெயிண்ட் அடிப்பது வீண் வேலை.

உலோகப் பேட்ஜ் என்றால் பழைய பெயிண்டை எடுத்து, ஐசோபுரோபைல் ஆல்கஹாலால் துடைத்து, நிறம் கலந்த இரு பகுதி எப்பாக்ஸியை (இரண்டைக் கலந்தால் இறுகும் பிசின்) ஊசியால் சொட்டுங்கள். நிறமி எடையில் 5 சதவீதத்தைத் தாண்டினால் சரியாக இறுகாது. ஒரு நிறம், 24 மணி நேரம், பிறகே அடுத்தது; அவசரப்பட்டால் சிவப்பு வெள்ளைக்குள் கசியும். விளிம்புக்குச் சற்று மேலே நிரப்பி, 800, பிறகு 1500 எண் உப்புத்தாளால் தண்ணீர் விட்டுத் தேய்த்துப் பாலிஷ் போடுங்கள். மேலே புற ஊதா தடுக்கும் கிளியர் கோட் (நிறமற்ற மேற்பூச்சு) அவசியம், இல்லையேல் சிலுவையைச் சுற்றிய வெள்ளை மஞ்சளாகிவிடும்.

கிரில்_பிரியன்: சூளையில் மறுபடி சுட்டால்?

சூளை_850: எனாமலுக்கு 750-850 டிகிரி செல்சியஸ் வேண்டும். பேட்ஜைப் பொருத்தப் பின்னாலுள்ள ஊசிகள் ஈயத்தால் பற்றவைத்தவையாக இருந்தால் 200 டிகிரி வாக்கிலேயே கழன்று விழும். போதாததற்குச் சிவப்பு எனாமல் கொஞ்சம் அதிகம் சுட்டாலே கருகிப் பழுப்பாகும்.

பழைய_பாம்பு: அசல்களிலேயே சாயல் முன்பின் இருக்கும். கருநீலம் என்பதற்காக அந்த முதல் பேட்ஜை ஒதுக்காதீர்கள். பின்பக்கப் படம் கேளுங்கள்.