நான்காம் வகுப்பில் வண்ணத்துப்பூச்சி வளர்க்கலாமா? புழு பாதியில் செத்துப்போவது ஏன்?

வெண்கட்டி (கேள்வி)

வணக்கம். வாழ்க்கைச் சுழற்சிப் பாடத்தைப் புத்தகப் படத்தோடு முடிக்காமல், பிள்ளைகள் முட்டையிலிருந்து பூச்சி வரை கண்ணால் பார்க்க வேண்டும் என்று விரும்புகிறேன். வகுப்பில் 32 பேர். பள்ளித் தோட்டத்தில் கறிவேப்பிலை, எலுமிச்சை இரண்டும் உண்டு. வேலியோரம் எருக்கு நிறைய நிற்கிறது. எதில் தொடங்குவது நல்லது? டப்பாவில் வைத்தால் புழு பாதியிலேயே செத்துவிடும் என்று பலரும் சொல்கிறார்கள், காரணம் என்ன? பிள்ளைகள் புழுவைத் தொடலாமா?

தும்பி

டீச்சர், எருக்கை விட்டுவிடுங்கள். அதில் பிளெயின் டைகர் என்ற வண்ணத்துப்பூச்சியின் புழு சுலபமாகக் கிடைக்கும், வேகமாகவும் வளரும். ஆனால் தினமும் இலை பறிக்க வேண்டும். எருக்கம்பால் பட்ட கையால் பிள்ளை கண்ணைக் கசக்கினால் கருவிழியே பாதிக்கப்படும். தொடக்கப் பள்ளிக்கு அது வேண்டாம்.

கறிவேப்பிலையும் எலுமிச்சையும்தான் சரி. இரண்டிலும் காமன் மார்மன், எலுமிச்சை வண்ணத்துப்பூச்சி இரண்டுமே முட்டையிடும். இளந்தளிரைப் பாருங்கள்: குண்டூசித் தலை அளவில், வெளிர்மஞ்சள் உருண்டையாக, ஒவ்வொன்றாகத் தனியே ஒட்டியிருக்கும்.

முட்டையாகவே எடுப்பது முக்கியம். வெளியில் வளர்ந்த பெரிய புழுவைக் கொண்டுவந்தால், அதன் உடம்புக்குள் ஒட்டுண்ணி ஈயோ குளவியோ ஏற்கெனவே முட்டை வைத்திருக்கலாம். புழு நன்றாகத் தின்னும், கூட்டுப்புழுவாகவும் மாறும். பிறகு அதில் சின்ன ஓட்டை விழுந்து குட்டிக் குளவிகள் வரும். வளர்ப்பவர் தன் கவனிப்பில்தான் குறை என்று நினைத்துக்கொள்வார்.

மற்றபடி சாவதற்குப் பெரிய காரணம் ஈரம். மூடியில் நாலு ஓட்டை போட்ட டப்பாவில் இலையின் நீர் வியர்த்துச் சுவரில் நிற்கும், எச்சத்தில் பூஞ்சை பிடிக்கும், புழுவுக்குக் கழிச்சல் வரும். ஒரு லிட்டர் அகலவாய் பாட்டில் எடுத்து, வாயில் கொசுவலைத் துணியை ரப்பர் பேண்டால் கட்டுங்கள். அடியில் செய்தித்தாள், தினமும் மாற்ற வேண்டும். இலைக்காம்பை நீர் நிறைந்த சின்ன மருந்துக் குப்பியில் செருகி, வாயைப் பஞ்சால் இறுக அடைத்துவிடுங்கள். பஞ்சு இல்லையென்றால் புழு காம்பு வழியே இறங்கி நீரில் மூழ்கிவிடும். ஒரு பாட்டிலுக்கு இரண்டு புழுவுக்கு மேல் வேண்டாம்.

கடையில் வாங்கிய கறிவேப்பிலை கூடவே கூடாது. பூச்சிமருந்து இலைக்குள்ளேயே ஊறியிருந்தால் எத்தனை முறை கழுவினாலும் போகாது.

வேலிப்பருத்தி

தும்பி சொன்ன பாட்டில் முறை சரிதான். ஆனால் சனி, ஞாயிறு விடுமுறையில் இலை யார் மாற்றுவது? எறும்பும் வந்துவிடும். தொட்டியில் வளரும் இரண்டு அடிக் கறிவேப்பிலைச் செடி ஒன்று இருந்தால் பாட்டிலே தேவையில்லை. முட்டை உள்ள கிளைக்குக் கொசுவலைத் துணியில் பை தைத்துப் போட்டு, அடியை நாடாவால் இறுக்கிக் கட்டுங்கள். தொட்டியைத் தண்ணீர் ஊற்றிய அகலத் தட்டில் செங்கல் மேல் வைத்தால் எறும்பு ஏறாது. இலை வாடாது, ஈரம் தேங்காது, திங்கட்கிழமை வந்து பார்த்தால் போதும். பைக்குள் இலை இருக்கிறதா என்று மட்டும் வெள்ளிக்கிழமை பாருங்கள். புழு தோல் உரித்து உரித்து ஐந்து பருவமாக வளரும். கடைசிப் பருவத்தில் அது தின்பது அதற்கு முந்தைய நாலு பருவத்திலும் தின்றதைவிட அதிகம். ஒரு தொட்டிச் செடிக்கு நாலு புழு போதும்.

32 பேருக்கு நாலு புழுவா என்று தோன்றும். எட்டுப் பேருக்கு ஒன்று என்று குழுவாகப் பிரித்தால், ஒவ்வொரு குழுவும் தன் புழுவைத் தினமும் கவனிக்கும். எண்ணிக்கை கூடினால் யாரும் எதையும் கவனிப்பதில்லை.

வெறுமனே "பார்த்தேன், பச்சையாக இருந்தது" என்று எழுதவிடாதீர்கள். அளக்கச் சொல்லுங்கள். ஓர் இலையைச் செடியிலிருந்து பறிக்காமலே, அடியில் கட்டத்தாள் வைத்து ஓரத்தைப் பென்சிலால் வரையட்டும். மறுநாள் அதே இலையை அதே வரைபடத்தின் மேல் வைத்துத் தின்ற பகுதியைக் குறித்து, கட்டங்களை எண்ணட்டும். பாதிக்கு மேல் உள்ள கட்டத்தை ஒன்றாகவும் குறைந்ததைச் சுழியாகவும் கொள்ளலாம். நான்காம் வகுப்புக் கணக்கும் சேர்ந்தே நடக்கும். நீளத்துக்குப் புழுவை இழுக்காமல், பக்கத்தில் அளவுகோலை நீட்டிப் பார்த்தால் போதும்.

வெண்கட்டி

நன்றி. தொட்டிச் செடி இருக்கிறது, அதிலேயே தொடங்குகிறேன். இரண்டு ஐயம். புழு ஒரு நாள் முழுக்க அசையாமல், தின்னாமல் இருந்தால் நோயா? அதன் நிறம் ஏன் மாறுகிறது?

தும்பி

அது தோல் உரிக்கும் நேரம். அப்போது இலையில் நூல் பின்னி, கால்களை அதில் ஊன்றியிருக்கும். பிடுங்கி எடுத்தால் தோல் சரியாகக் கழலாமல் செத்துவிடும். பிள்ளைகள் புழுவைத் தொட வேண்டாம் என்று நான் சொல்வதற்கு முதல் காரணம் இதுதான். இடம் மாற்றியே ஆக வேண்டுமென்றால், புழு இருக்கும் இலைத்துண்டை வெட்டிப் புது இலைமேல் வையுங்கள், தானாக ஏறிக்கொள்ளும். முடி அடர்ந்த கம்பளிப்பூச்சியை, குறிப்பாக முருங்கையில் கூட்டமாக இருப்பதை, பக்கத்திலேயே விடாதீர்கள். அரிப்பெடுக்கும்.

நிறத்துக்கு: முதல் நாலு பருவத்தில் பழுப்பும் வெள்ளையுமாக, பறவை எச்சம் போலவே இருக்கும். பறவை அதைத் தின்ன வராது. ஐந்தாம் பருவத்தில் உடம்பு பெரிதாகிவிடுவதால் எச்ச வேடம் எடுபடாது, இலைப் பச்சைக்கு மாறிவிடும். ஏன் மாறியது என்பதைப் பிள்ளைகளையே கேளுங்கள், விடையை முதலில் சொல்லிவிடாதீர்கள். சீண்டினால் தலைக்குப் பின்னால் சிவந்த கவைக்கொம்பு நீட்டி நாற்றம் விடும். அது கொட்டாது, கடிக்காது.

வேலிப்பருத்தி

இன்னொன்றையும் நோய் என்று நினைத்துவிடுவார்கள். கூட்டுப்புழுவாக மாறுவதற்கு முன் நீர்த்த எச்சம் போட்டுவிட்டு, புழு அங்குமிங்கும் அலையும். அப்போது பைக்குள் சாய்வாக இரண்டு குச்சி வையுங்கள்: ஒன்று பச்சைக் கிளை, ஒன்று சொரசொரப்பான காய்ந்த குச்சி. பச்சைக் கிளையில் பச்சைக் கூடும், காய்ந்த குச்சியில் பழுப்புக் கூடும் வர வாய்ப்பு அதிகம். எப்போதும் அப்படியே அமையாது, அதனால் முன்கூட்டியே குழுக்கள் ஊகத்தை எழுதி வைக்கட்டும்.

பத்து நாள் அளவில் கூடு கருத்து, உள்ளே இறகின் கோலம் தெரிந்தால் மறுநாள் காலை வெளிவரும். வந்ததும் தொங்கி இறகை விரிக்க இடம் வேண்டும். கீழே விழுந்தால் இறகு மடங்கியபடியே காய்ந்துவிடும், பிறகு நிமிராது. அதனால் பைத்துணி தளர்வாக இருக்கட்டும். சொட்டும் செம்பழுப்பு நீர் கழிவுதான், இரத்தம் அல்ல என்று முன்பே சொல்லிவிடுங்கள், சில பிள்ளைகள் பயந்து அழுவார்கள். இரண்டு மூன்று மணி நேரம் கழித்து, வெயில் இருக்கும்போது இட்லிப்பூச் செடிப் பக்கம் திறந்துவிடுங்கள். மழையென்றால் மறுநாள் விடலாம், அதுவரை உணவு தேவைப்படாது.