மனசு நோகாம உண்மையச் சொன்ன அனுபவம் இருக்கா? மதுரைப் பக்கத்து ஆளுக சொல்லுங்க

தெப்பக்குளம் பொண்ணு:
பிளஸ் ஒன் படிக்கிறப்ப நாங்க ஒரு செட்டா ஷேர் ஆட்டோல நெருக்கியடிச்சுட்டு வருவோம். அதுல ஒருத்திகிட்ட வேர்வை வாடை ஜாஸ்தி, நம்மூரு வெயிலுக்கு பாலியஸ்டர் யூனிஃபார்ம் வேற, கேக்கவா வேணும். அவ ஏறுனதும் மத்தவளுக துப்பட்டாவ மூக்குல வச்சுக்குவாளுக, அப்புறம் அவள விட்டுட்டு தனியா ஒரு வாட்ஸ்அப் குரூப், அதுல அவளுக்கு ஒரு பட்டப்பேரு, நேர்ல பாத்தா மட்டும் செல்லம் தங்கம்னு கொஞ்சல். கேட்டா "மூஞ்சிக்கு நேரா சொன்னா பாவம்டி"ங்கிறாளுக. பாவம் பாக்குறவ பின்னாடி சிரிப்பாளா? எனக்கு அது தாங்கவே இல்ல.

அப்பல்லாம் தெப்பக்குளம் வறண்டுதான் கெடக்கும், பயலுக உள்ள கிரிக்கெட் ஆடிக்கிட்டு இருந்தாய்ங்க. அவள மட்டும் கூட்டிட்டு மைய மண்டபம் வரைக்கும் நடந்தேன். "ஏ புள்ள, எங்கக்கா எனக்குச் சொன்னத உனக்குச் சொல்றேன், தப்பா எடுத்துக்காத, வேர்வை வாடை வெளிய தெரியுதுடி"ன்னேன். கையில இருந்த பட்டாணிப் பொட்டலத்த மடிச்சு மடிச்சு பிரிச்சுக்கிட்டே இருந்தா. "ரெண்டு வேளையும் குளிக்கிறேன்டி"ன்னு சொல்றப்ப குரல் ஒடஞ்சுபோச்சு. குளிக்காததுனால இல்லடின்னு சொன்னேன். உண்மையிலயே அப்படித்தான், அக்குள்ல இருக்கிற ஒருவகை வேர்வைச் சுரப்பி வயசுக்கு வர்ற பருவத்துலதான் வேலையே செய்ய ஆரம்பிக்குது, வேர்வைக்கு தனியா பெருசா வாடை கெடையாது, தோல்ல இருக்கிற பாக்டீரியா அத சிதைக்கிறப்பதான் நாறுது. தெனமும் தொவச்சுக் காஞ்ச சட்டை, உள்ள காட்டன் பனியன், நல்லா தொடச்சிட்டு டியோடரன்ட், அம்புட்டுதான்.

குரூப் விசயத்த மட்டும் சொல்லல. வாடைய அவ சரிபண்ண முடியும், பட்டப்பேர வச்சு அவ என்ன பண்ணுவா, அழத்தான் செய்வா. அவளுககிட்டதான் போயி சண்டை போட்டு அந்த குரூப்ப கலைக்க வச்சேன்.

மேலூர்ப் பையன்:
எங்க செட்டுல ஒருத்தன் ரிவிஷன் டெஸ்ட்டுல பிசிக்ஸ்ல பெயிலாயிட்டான். எல்லாரும் "விடு மாப்ள, பப்ளிக்ல போட்டுத் தள்ளிருவ"ன்னாய்ங்க. பிராக்டிகல் 20, இன்டர்னல் 10 எப்படியும் வந்துரும், பாஸாக மிச்சம் 5 தானேன்னு அவன் தைரியமா திரிஞ்சான். ஒருத்தன் மட்டும் "இல்ல மாப்ள, தியரில 70க்கு 15 எடுக்கலன்னா மொத்தம் 35 வந்தாலும் பெயிலுதான்டா"ன்னு சொல்லிட்டு, அன்னைக்கு ராத்திரியே புக்க தூக்கிட்டு அவன் வீட்டு மாடிக்குப் போயிட்டான். கசப்பா சொன்னவன் கூடவும் உக்காந்தான் பாருங்க, அதுதான்ணே பிரண்டு.

வில்லாபுரம் அக்கா:
தங்கச்சி, குரூப் விசயத்துல எனக்கு உங்க முடிவு ஒத்துவரல. எனக்கும் இதே மாதிரி நடந்துச்சு, காலேஜ் சேந்தப்புறம் ஸ்கிரீன்ஷாட்டு கைக்கு வந்துச்சு. பட்டப்பேரு கூட வலிக்கல, அந்த குரூப்பு பத்தி தெரிஞ்ச ஒருத்தி தெரியாத மாதிரியே எங்கூட டிபன் பாக்ஸ பகிர்ந்து சாப்புட்டாளே, அதுதான் இன்னும் ஆறல. யார நம்பலாம்னு தெரிஞ்சுக்கவாவது மெதுவா சொல்லியிருக்கலாம்.

திருமங்கலம் டீச்சர்:
ரெண்டு பேரு சொல்றதுலயும் ஞாயம் இருக்கு. ஆனா ஒரு விசயத்துல யோசனையே வேணாம். எங்க தெருப் பொண்ணு ஒருத்திகிட்ட இன்ஸ்டாகிராம்ல பழகுனவன் போட்டோ கேட்டு மெரட்டுனான், யார்ட்டயும் சொல்லாதன்னு அவ தோழிகிட்ட சத்தியம் வாங்கிட்டா. அந்தத் தோழி முதுகுக்குப் பின்னாடி போகல. "இத என்னால மறைக்க முடியாதுடி, உங்க சித்திகிட்ட சொல்லப்போறேன், நீயும் கூட வா"ன்னு கையப் பிடிச்சு கூட்டிட்டுப் போனா. ரொம்ப நாளு பேச்சுவார்த்தை இல்லாம இருந்துச்சுக, இப்ப ஒண்ணாத்தான் கோச்சிங் போகுதுக. 18 வயசுக்கு உள்ள இருக்கிற புள்ளைகளுக்கு உதவி நம்பர் 1098, ராத்திரி பகல் எப்ப வேணும்னாலும் கூப்புடலாம், காசு கெடையாது. சைபர் கிரைமுக்கு 1930. ரெண்டையும் இன்னைக்கே உங்க புள்ளைக போன்ல பதிஞ்சு குடுங்க.