பழைய கேமிங் கம்ப்யூட்டர்: 25,000 ரூபாயில் எதை மாற்றலாம்?

வணக்கம் நண்பர்களே. தம்பி விளையாடும் கம்ப்யூட்டருக்கு உங்கள் யோசனை வேண்டும். இன்டெல் ஐ5-4460 பிராசஸர், 8 ஜிபி டிடிஆர்3 ரேம், ஜிடிஎக்ஸ் 750 டிஐ கிராபிக்ஸ் கார்டு, 450 வாட் பவர் சப்ளை. கையில் 25,000 ரூபாய்தான் இருக்கிறது.

எஸ்எஸ்டி (வேகமான சேமிப்பகம்) போடுவது உறுதி. குழப்பம் மற்றதில்தான். சென்னை ரிச்சி தெருவில் பழைய ஆர்எக்ஸ் 580 கிராபிக்ஸ் கார்டு வாங்கலாமா? அதற்கு மட்டுமே சுமார் 185 வாட் வேண்டும், இந்த பவர் சப்ளை தாங்குமா? அப்புறம், இந்த பிராசஸர் விண்டோஸ் 11 ஆதரிக்கும் பிராசஸர்களின் பட்டியலில் இல்லை. விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவும் 2025 அக்டோபரில் முடிந்துவிட்டது. அதனால் பழைய மதர்போர்டில் பணம் போட மனம் வரவில்லை. ரைசன் 5 5600 பிராசஸர், அதற்கான ஏஎம்4 மதர்போர்டு, டிடிஆர்4 ரேம் இப்போது வாங்கி, கார்டை அடுத்த வருடம் மாற்றுவது சரியா?

பழைய கார்டு வாங்கியவர்கள், கடையிலேயே எதையெல்லாம் சோதித்தீர்கள் என்றும் சொல்லுங்கள்.