எலிக்குட்டி மூளையில் ரெட்டினால்: மிச்ச ரத்தத்தை எப்படிக் கழிக்கிறீர்கள்?

வணக்கம். பிறந்த எலிக்குட்டிகளுக்கு டிரிட்டியம் (கதிரியக்க ஹைட்ரஜன்) ஏற்றிய ரெட்டினாலை, அதாவது வைட்டமின் ஏ-வை, எண்ணெயில் கலந்து வாய்வழி கொடுத்து, அது மூளைக்கு எந்த வழியாகப் போகிறது என்று பார்க்கிறோம். குடலிலிருந்து கைலோமைக்ரான் என்ற கொழுப்புத் துகளில் எஸ்டராக (கொழுப்பு அமிலத்தோடு சேர்ந்த வடிவில்) வருவது ஒரு வழி. கல்லீரலிலிருந்து ஆர்பிபி4 புரதம் சுமந்து வருவது இன்னொன்று. அதை ரத்த-மூளைத் தடுப்பில் உள்ள ஸ்ட்ரா6 என்ற ஏற்பிப் புரதம் வாங்கிக்கொள்ளும்.

சிக்கல் ரத்தத்தில்தான். டோஸ் கொடுத்த முதல் சில மணி நேரம் பிளாஸ்மாவில் எஸ்டர் மண்டிக் கிடக்கும். மூளைத் தந்துகிகளில் கொஞ்சம் தங்கினாலும் மூளை வாங்கியதாகவே கணக்கில் ஏறிவிடும். இதயம் வழியாக உப்புநீர் விட்டுக் கழுவுகிறோம். 10 கிராம் குட்டியில் ஊசி சற்று ஆழமாகப் போனாலே இதயத்தின் இடைச்சுவர் கிழிந்து, நீர் நுரையீரலுக்குப் போகிறது. மூக்கில் நுரை வரும். மூளை இளஞ்சிவப்பாகவே இருக்கும். கல்லீரல் வெளுத்ததை மட்டும் வைத்து முடிவு செய்ய முடியவில்லை.

இந்த எடைக்கு எந்த கேஜ் (தடிமன்) ஊசி, நிமிடத்துக்கு எத்தனை மில்லி விடுகிறீர்கள்? ஹீமோகுளோபின் அளந்து கழிக்கலாம்தான், ஆனால் தந்துகிகளில் ஹெமட்டோகிரிட் (ரத்தத்தில் சிவப்பணுக்களின் பங்கு) குறைவு என்பதால் பிளாஸ்மாவின் பங்கு குறைத்துக் காட்டும். அதற்குப் பதிலாக லேபிள் ஏற்றிய ஆல்புமின் (பிளாஸ்மா புரதம்) பயன்படுத்தியவர்கள் இருக்கிறீர்களா?

மூளையிலிருந்து ரெட்டினாலையும் எஸ்டரையும் பிரித்தெடுப்பது மஞ்சள் விளக்கில், ஹெக்சேன் கரைப்பானில். எஸ்டர் தனியாக வேண்டும் என்பதால் காரம் சேர்த்துச் சூடாக்குவதில்லை. சூடாக்கினால் எல்லாம் ரெட்டினாலாகிவிடும்.