பொங்கல் விழா வசூலை விலங்குக் காப்பகத்துக்குக் கொடுப்பது எப்படி?

தாம்பரம்_செயலாளர்:
எங்கள் குடியிருப்பில் ஆண்டுதோறும் கோலப்போட்டி, உறியடி, பலகாரக் கடைகள் உண்டு. இந்த முறை மாட்டுப் பொங்கலன்று நடத்தி, வசூலை அடிபட்ட நாய், மாடுகளுக்கு வைத்தியம் பார்க்கும் காப்பகம் ஒன்றுக்குத் தர எண்ணம். பணத்தைச் சங்கக் கணக்கில் வாங்கலாமா? வரிச் சலுகை உண்டா என்று இப்போதே ஒருவர் நச்சரிக்கிறார். காப்பகத்து நாய்க்குட்டிகளைக் கொண்டுவந்தால் கூட்டம் சேரும் என்கிறார்கள் இளைஞர்கள்.

மூன்றாவது_தெரு:
இரவில் பைக்கைத் துரத்துகிற நாய்களுக்கு நான் ஏன் பணம் தர வேண்டும்?

பஜ்ஜிக்கடை_பாட்டி:
வங்கியில் காசாளராக இருந்து ஓய்வு பெற்றவள் நான். எங்கள் தெரு விழாவில் வாழைக்காய் பஜ்ஜிக் கடை என் பொறுப்பு. பணம் என்றால் கொஞ்சம் கறாராகத்தான் பேசுவேன்.

சங்கக் கணக்கில் வாங்கினால் ரசீது சங்கத்தின் பெயரில்தான் வரும். உங்கள் நச்சரிப்புக்காரருக்கு ஒன்றும் கிடைக்காது. காப்பகத்தின் கியூஆர் அட்டையையே வாங்கி மேசையில் வையுங்கள். யார் தருகிறாரோ அவர் பெயரிலேயே ரசீது போகும். அதற்கு முன், நன்கொடையாளருக்கு வரிச் சலுகை கிடைக்க வைக்கும் பதிவு (80ஜி என்பார்கள்) நடப்பில் இருக்கிறதா என்று காப்பகத்தைக் கேளுங்கள். ரொக்கமாக 2,000 ரூபாய்க்கு மேல் கொடுத்தால் அந்தச் சலுகை கிடையாது. புதிய வரி முறையில் இருப்பவருக்கு எப்படிக் கொடுத்தாலும் இல்லை. பஜ்ஜி தின்ற காசுக்கும் இல்லை. அது விலை, நன்கொடை அல்ல!

கடை வசூல் முழுவதையும் தருகிறீர்களா, பந்தல் செலவு போக மிச்சமா? அழைப்பிதழிலேயே எழுதிவிடுங்கள். விழா முடிந்தபின் சொன்னால் சண்டைதான். உண்டியலை எண்ணும்போது வெவ்வேறு வீட்டுக்காரர்கள் இருவர் உட்கார்ந்து கையெழுத்திடட்டும்.

குட்டிகள் வேண்டவே வேண்டாம். ஒலிபெருக்கிக்கு மிரளும், தடுப்பூசி முடியாத குட்டியைப் பார்வோ என்ற வைரஸ் நோய் தொற்றினால் பிழைப்பது கடினம். படங்களை ஒட்டுங்கள். வளர்க்க விரும்புகிறவர் பெயரைக் குறித்துக்கொண்டு காப்பகத்துக்கு அனுப்புங்கள். விழா உற்சாகத்தில் தூக்கிச் செல்கிறவர்கள் மாசிக்குள் திருப்பிக் கொண்டுவருவார்கள்.

மூன்றாவது தெருக்காரரே, நாய்கள் குறைய வேண்டும் என்று நினைப்பவர்தான் முதலில் தர வேண்டும். பிடித்துக் கருத்தடை செய்து, வெறிநாய்த் தடுப்பூசி போட்டு, பிடித்த இடத்திலேயே விடும் வேலையைச் சென்னையில் ப்ளூ கிராஸ் என்ற விலங்கு நல அமைப்பு 1964இலேயே தொடங்கிவிட்டது. மத்திய அரசின் விதிகள் வந்ததோ 2001இல். காதில் சிறு வெட்டு இருந்தால் அந்த நாய்க்கு அறுவை முடிந்தது என்று பொருள். உங்கள் தெருவில் எத்தனை நாய்க்கு அந்த வெட்டு இருக்கிறது என்று பாருங்கள்.

மூன்றாவது_தெரு:
ஒன்றுக்குக்கூட இல்லை. கருத்தடைக்கு மட்டும் என்று தனியாகத் தரலாமா?

பஜ்ஜிக்கடை_பாட்டி:
தரலாம். பணம் அனுப்பும்போதே கடிதத்தில் எழுதுங்கள். செயலாளரே, பழைய போர்வை, செய்தித்தாள் வாங்கவும் ஒரு மேசை போடுங்கள். காப்பகத்தில் அவை தினமும் தேவைப்படும்.